சப்வூஃபருக்கு மூடிய பெட்டியா, போர்ட் பெட்டியா?

காரில் சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) வைப்பதென்றால், முதலில் அதோடு வரும் விவரத்தாளைப் பாருங்கள். அதிலுள்ள எஃப்எஸ் (ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) மதிப்பை க்யூஇஎஸ் (அந்த அதிர்வு மின்வழியில் எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் எண்) மதிப்பால் வகுத்து, விடை 50-க்குக் கீழே இருந்தால் மூடிய பெட்டி. 100-ஐ ஒட்டி வந்தால் போர்ட் பெட்டி, அதாவது காற்று போய்வரக் குழாய் வைத்த பெட்டி. இடைப்பட்டது எதிலும் ஓடும், டிக்கியில் இடம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

18 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் வெளி அளவு 40×40×30 செ.மீ. என்றால் உள்ளே சுமார் 35 லிட்டர்தான். வெளி அளவையே பெருக்கி 48 லிட்டர் என்று நினைத்துவிடுகிறார்கள். ஸ்பீக்கரின் காந்தம் அடைக்கும் இடத்தையும் கழிக்க வேண்டும்.

அதே ஆம்ப்ளிஃபயரில் போர்ட் பெட்டி கூடுதல் சத்தம் தரும், உண்மைதான். ஆனால் போர்ட்டை 33 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்திருந்தால், அதற்குக் கீழான ஒலிகளில் ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கிப் பிடிக்க உள்ளே காற்றழுத்தம் இருக்காது. கூம்பு எல்லை மீறி ஆடி, வாய்ஸ் காயில் (அதை அசைக்கும் கம்பிச்சுருள்) அடிபடும். சப்சானிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டி) 28 ஹெர்ட்ஸ் வாக்கில் வையுங்கள். போர்ட் குழாய் ஒல்லியானால் 'புஸ் புஸ்' என்று காற்று இரையும். குழாயை அகலமாக்கினால் நீளமும் கூட்ட வேண்டும். அதுவும் லிட்டரைத் தின்னும்.

தவில், மிருதங்கம் அதிகம் கேட்பவர்களுக்கு என் ஓட்டு மூடியதற்கே. அதில் தொல்லை காற்றுக் கசிவுதான்: மூட்டெல்லாம் பசை, 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, ஒயர் மாட்டும் டெர்மினலைச் சுற்றி சிலிகான். சிலிகானின் புளிப்பு வாடை போனபிறகே ஸ்பீக்கரை மாட்டுங்கள்.