நனைந்த போர்க்கால டைரிக்கு முதல் 48 மணி நேரம்

ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த வார்சாவின் கெட்டோவில் (யூதர்களை அடைத்துவைத்திருந்த பகுதி) வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளும் குழு திரட்டிய டைரிகளும் ஆவணங்களும் 1942 ஆகஸ்டில் 10 தகரப் பெட்டிகளில் புதைக்கப்பட்டன. 1946-ல் தோண்டியபோது பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பால் கேன்களில் புதைத்த இரண்டாம் பகுதி 1950-ல் கிடைத்தது. அதன் நிலை எவ்வளவோ மேல்.

அந்தக் காலத் தாள்களில் மிகவும் பயப்பட வேண்டியது காப்பியிங் பென்சில் (சாயம் கலந்த பென்சில்) எழுத்து. காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போலவே சாம்பல் நிறம். ஒரு சொட்டு ஈரம் பட்டால் ஊதாவாகிக் கசிந்து, எதிர்ப்பக்கத்திலும் ஒட்டும். ஆகவே துடைக்க ஈரப் பஞ்சு வேண்டவே வேண்டாம்.

நனைந்த நோட்டை விரிக்காதீர்கள், ஒட்டிய பக்கங்களைப் பிரிக்காதீர்கள். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் வையுங்கள். உறைய வைக்காமல் 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பிறகு வேக்யூம் ஃப்ரீஸ் டிரையிங் (உறைந்த ஈரத்தை வெற்றிடத்தில் நேரடியாக ஆவியாக்கி உலர்த்துவது) வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

உலர்ந்து வந்த பிறகும், துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கினால் தாளும் சேர்ந்தே வரும். அடியில் மெல்லிய பாலியெஸ்டர் தாளைச் செருகி, கம்பிக் கால்களை நிமிர்த்தி எடுக்கவும். அதற்கு முன் பக்க வரிசையைப் படமெடுத்துவிடுங்கள். வரிசை குலைந்தால் தேதியில்லாத பக்கங்கள் அநாதைதான். செல்லோ டேப், லேமினேஷன் இரண்டும் கூடாது.