முழங்கால் நோவும் மூன்று போத்தல் விட்டமினும்

என் முழங்கால் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்த டொக்டர் முதலில் கேட்டது, "இது படுத்தபடி எடுத்ததா அம்மா?" என்றுதான். ஓம், மேசையில் படுக்க வைத்துத்தான் எடுத்தார்கள். "நின்றபடி எடுக்கச் சொல்லித் துண்டில எழுதியிருந்தேனே" என்றார். காலை ஐந்தரைக்கு ஆரையம்பதியில் பஸ் ஏறி, கிளினிக்கில் நம்பர் எடுத்து, பதினொரு மணிவரை வாங்கில் இருந்து, உள்ளே போன இரண்டாவது நிமிடமே வெளியே வந்துவிட்டேன். அடுத்த கிழமை திரும்ப வரட்டாம்.

எக்ஸ்ரே எடுத்த தனியார் இடத்துப் பையன் துண்டைப் படிக்கவில்லை. நானும் படிக்காமல்தான் நீட்டினேன். நிற்கும்போதுதான் உடம்பின் பாரம் மூட்டில் விழும், எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று படத்தில் சரியாகத் தெரியும். படுத்துக்கொண்டால் அந்த மூட்டு ஒன்றும் தெரியாத பிள்ளைபோல இருந்துவிடும். ஆகவே மேசையில் ஏறுமுன் "நின்றபடிதானே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டாம் முறை எடுக்க நான் கட்டிய காசை ஒருவரும் திருப்பித் தரவில்லை.

கிளினிக்குக்குப் போவதற்கே எட்டு மாதம் பிந்தியதற்குக் காரணம் போத்தல்கள். 27 வருடம் வகுப்பறையில் நின்ற கால்கள். படி இறங்கினால் வலது முழங்கால் சிரட்டைக்குள் மணல் அரைபடுவது போல இருக்கும். சுவிஸிலிருந்து வந்த அண்ணன், மூட்டு நோவுக்கென்று விற்கிற குளுக்கோசமைன் குளிசை கொண்டுவந்தார். மச்சாள் விட்டமின் ஈ குடிக்கச் சொன்னாள். பாமசிக்காரர் தன் பங்குக்கு ஒரு மல்டிவிட்டமினைத் தலையில் கட்டினார். சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் மூன்றும் வரிசையாக நின்றன.

அண்ணன் தந்த போத்தலின் சின்ன எழுத்தை மகள்தான் வாசித்தாள். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுத்ததாம். வாவி நண்டைத் தின்றுவிட்டு ஓட்டை வளவுக்குள் எறிகிற ஆட்கள் நாங்கள், அதே ஓட்டுக்கு சுவிஸ் காசு கொடுத்திருக்கிறோம்! இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம். ரத்தம் உறையாமலிருக்க வாபரின் குடிப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.

குடித்ததில் நோ குறைந்ததா? முதல் மாதம் குறைந்த மாதிரித்தான் இருந்தது. அந்த 'மாதிரி'க்கு விளக்கம் பிறகுதான் கிடைத்தது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, முழங்கால் தேய்வுள்ள 1,583 பேரை வைத்து 24 கிழமை நடந்தது. மருந்தே இல்லாத வெறும் குளிசை குடித்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு நோ குறைந்திருக்கிறது. குளுக்கோசமைன் குடித்தவர்களில் 64 பேருக்கு. அந்த நாலு பேர் வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடியது என்பதுதான் அவர்கள் கணக்கு. நானும் அந்த அறுபதில் ஒருத்தியாக இருந்திருப்பேன். இரண்டாம் மாதம் நோ பழையபடி வந்துவிட்டது.

சரி, இரண்டாவது எக்ஸ்ரே ஒழுங்காக வந்தது. தேய்வுதான், நடுத்தரம். களைப்பு, உடம்பு உளைச்சல் என்றும் சொன்னதால் விட்டமின் டி பார்க்கத் துண்டு தந்தார், அதை வெளியே காசு கட்டித்தான் செய்தேன். 14 (ng/ml) என்று வந்தது. 20க்குக் கீழே போனால் குறைபாடு. மட்டக்களப்பு வெயிலில் வாழ்ந்துகொண்டு 14ஆ என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் காலையில் குடை, பகல் முழுக்க வகுப்பறை, பின்னேரம் குசினி. வெயில் எங்கே பட்டது?

கூத்து இனித்தான். கிழமைக்கு ஒன்று, 50,000 யூனிட், எட்டுக் கிழமைக்கு என்று டொக்டர் எழுதினார். பாமசியில் மருந்து உறையில் 'காலை 1' என்று மட்டும் கிறுக்கித் தந்தார்கள். மூன்று நாள் ஒழுங்காக, நாளுக்கொன்றாகக் குடித்தேன். நாலாம் நாள் மகள் உறையையும் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அம்மா, இது கிழமைக்கு ஒண்டெல்லோ!" என்று கத்தினாள். பாமசிக்கு ஓடினால், "காலையில குடிக்கத்தானே எழுதியிருக்கு, அக்கா" என்று பதில். டொக்டர்தான் நிதானமாகச் சொன்னார்: "மூன்று குளிசையால ஒன்றும் வராது. இனி மூன்று கிழமை தொடாதீங்க. மாதக்கணக்கா இப்படிக் குடிச்சாத்தான் ரத்தத்தில கல்சியம் ஏறி, சத்தி, மலச்சிக்கல், கிட்னியில கல்லு எண்டு போகும்."

நான் விடவில்லை. துண்டோடு மறுபடி பாமசிக்குப் போய், உறையில் 'கிழமைக்கு 1' என்று சிவப்புப் பேனாவால் எழுத வைத்தேன். இரண்டு கிழமை கழித்து அங்கே இருமல் பாணி வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஐயாவின் உறையிலும் அதே சிவப்பு எழுத்து. அன்று வீடுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான்.

எட்டும் முடிந்து பார்த்தால் 31. உடம்பு உளைச்சல் போய்விட்டது. முழங்கால் நோ மட்டும் அசையவில்லை. டொக்டரிடம் முறையிட்டேன். "குறைஞ்சதை நிரப்பத்தான் தந்தேன், முழங்காலுக்கு இல்லையே" என்று சிரித்தார். 2016இல் வந்த அவுஸ்திரேலிய ஆய்விலும் இதே கதைதான். விட்டமின் டி குறைந்த, முழங்கால் தேய்வுள்ள 413 பேரில் பாதிப் பேருக்கு மாதம் ஒன்றாக இதே 50,000 யூனிட்டை இரண்டு வருடம் கொடுத்தும் மற்றவர்களைவிட நோவில் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது இலவசமாகக் கிடைத்த பிசியோதெரபி. துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, தொடையை இறுக்கி அதை அமத்தி, பத்து எண்ண வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதானே என்று முதல் மாதம் ஏமாற்றினேன். பிசியோதெரபி செய்கிற தங்கச்சி தொடையைத் தொட்டுப் பார்த்தே, "டீச்சர், ஹோம்வேர்க் செய்யல்ல போல" என்றாள். எத்தனை பிள்ளைகளை இதற்காக வாங்கின்மேல் ஏற்றியிருக்கிறேன்! பிறகு ஒழுங்காகச் செய்தேன். குந்தி இருக்காமல் வீட்டில் கொமட் வைத்தோம். இராச்சோற்றைப் பாதியாக்கி ஐந்து கிலோ குறைத்தேன். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறையுமாம். மூன்று மாதத்தில் படி இறங்கக் கைபிடி தேவைப்படவில்லை. மழை நாளில் இன்னும் நோகும், இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன ஞாயிறு அண்ணன் கோல் எடுத்து, "இன்னும் ரெண்டு போத்தல் அனுப்பட்டா?" என்று கேட்டார். அடி மெத்தென்று இருக்கிற சப்பாத்து ஒரு சோடி அனுப்பச் சொன்னேன். அளவு 38.