ரீஃப் தொட்டிக்குக் குழாய் போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ரீஃப் தொட்டி என்பது பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர் மீன்தொட்டி. நான்குக்கு இரண்டுக்கு இரண்டு அடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். சென்டிமீட்டரில் 120 × 60 × 60. கண்ணாடித் தடிமன், மேலே விடும் இடம் எல்லாம் போக ஏறக்குறைய 380 லிட்டர் நிற்கும். ஸ்டாண்டுக்குள் உள்ளளவு 90 × 40 × 40 செ.மீ. உள்ள ஒரு சம்ப், அதாவது கீழ்த்தொட்டி. மேலிருந்து தண்ணீர் தானாக வழிந்து சம்ப்புக்கு வருகிறது, அங்கே வடிகட்டப்படுகிறது, ரிட்டர்ன் பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றுகிறது. பம்ப் ஓடும் வரை யார் குழாய் போட்டாலும் ஒழுங்காகத்தான் தெரியும். கரண்ட் போகிற நிமிடத்தில்தான் குழாய் போட்டவரின் கணக்கு தெரியவரும்.

மேல் தொட்டியில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் என்பது சுமார் 7 லிட்டர். சம்ப்பில் 1 செ.மீ. என்பது 3.6 லிட்டர். பம்ப் நின்றதும் வழிவாயின் (தண்ணீர் வழியும் சீப்பு போன்ற விளிம்பின்) பல்லுக்கு மேலே நிற்கிற ஒன்றரை செ.மீ. தண்ணீர் இறங்கும், அது 11 லிட்டர். வழியும் தண்ணீர் முதலில் விழும் ஓவர்ஃப்ளோ பெட்டி 40 × 12 செ.மீ. இருந்து அதில் 20 செ.மீ. இறங்கினால் இன்னொரு 10 லிட்டர். குழாய்களில் இருப்பது 3, காற்றுக் குமிழால் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் திருப்பிக் கொடுப்பது 3. ஆகமொத்தம் 27 லிட்டர். சம்ப்பில் மட்டம் ஏழரை செ.மீ. ஏறும். ஓடும்போது 22 செ.மீ. மட்டத்தில் வைத்திருந்தால் மேலே 18 செ.மீ., அதாவது 65 லிட்டருக்கு இடம் இருக்கிறது. கவலையில்லை.

இப்போது ரிட்டர்ன் நாஸிலை, அதாவது பம்ப் ஏற்றும் தண்ணீர் தொட்டிக்குள் விழும் குழாய் வாயை, நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே வைத்துப் பாருங்கள். பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். நாஸில் வாய்க்குக் காற்று எட்டும் வரை நிற்காது. 11 லிட்டர் இறங்க வேண்டிய இடத்தில் 70 லிட்டர் இறங்கும். மற்றவற்றையும் கூட்டினால் 86. சம்ப் 65 வாங்கும். மீதி 21 லிட்டர் உப்புத் தண்ணீர் ஹால் தரைக்கு.

இதற்கு நாஸிலில் 4 மி.மீ. துளை போடச் சொல்வார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே போட்டால் மட்டம் இறங்கும்போது அது காற்றை இழுத்து ஓட்டத்தை அறுக்கும். நல்ல உபாயம்தான். ஆனால் அந்தத் துளையில் பாசியும் சுண்ணாம்புப் பாசியும் வளர்ந்து சில மாதங்களில் அடைத்துவிடும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வும் அப்படித்தான்: ஒரு சின்ன நத்தையோ குழாய்ப்புழுவின் சுண்ணாம்புக் கூடோ மூடியில் சிக்கினால் போதும், அது மூடாது. துளை போடுங்கள், வேண்டுமானால் வால்வும் வையுங்கள். ஆனால் இரண்டும் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் சம்ப் அளவைத் தீர்மானிக்க வேண்டும். நாஸில் வாயை மட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. கீழே மட்டும் நிறுத்துவது எல்லாவற்றையும்விட மலிவான பாதுகாப்பு.

எதிர்ப்பக்கத்துக் கணக்கும் உண்டு. வடிகுழாய் முழுக்க அடைத்துக்கொண்டு பம்ப் மட்டும் ஓடினால் மேல் தொட்டி நிரம்பி வழியும். ஆனால் சம்ப் தடுப்புக் கண்ணாடிகளால் அறைகளாகப் பிரிக்கப்பட்டது. பம்ப் தன் அறையில் (ரிட்டர்ன் அறை) இருப்பதை மட்டுமே ஏற்ற முடியும்; மற்ற அறைகளின் தண்ணீரைத் தடுப்புக் கண்ணாடி பிடித்துவைத்திருக்கும். ரிட்டர்ன் அறை 25 × 40 செ.மீ., மட்டம் 20 செ.மீ., பம்ப் 5 செ.மீ. வரை உறிஞ்சும் என்றால் மேலே போவது 15 லிட்டர். தொட்டியில் 2 செ.மீ. சொச்சம் ஏறும். ஓடும் மட்டத்துக்கும் விளிம்புக்கும் நடுவே மூன்றரை செ.மீ. விட்டிருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. ரிட்டர்ன் அறையைத் தாராளமாகப் பெரிதாக்கச் சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

வடிகுழாயில் ஒரே குழாயோடு நிறுத்தாதீர்கள். ஹெர்பி முறையில் இரண்டு குழாய். முதன்மைக் குழாயின் வாய் ஓவர்ஃப்ளோ பெட்டியில் தாழ்வாக, கீழே ஒரு கேட் வால்வோடு இருக்கும். வால்வைச் சிறிது சிறிதாகத் திருகி, குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து காற்றே கலக்காமல் ஓடும்படி செய்ய வேண்டும். அப்போது சலசலப்பே இருக்காது. இரண்டாவது குழாயின் வாய் உயரத்தில் இருக்கும். முதலாவது அடைத்தால் மட்டுமே வேலை செய்யும். அதில் வால்வு வைக்கக் கூடாது. முதன்மைக்கு 1 அங்குலம், அவசரக் குழாய்க்கு 1½ அங்குலம் போடுங்கள். பீன் அனிமல் முறையில் இவற்றுக்கு நடுவே மூன்றாவதாகக் காற்றுக்குழல் வைத்த ஒரு குழாய் வரும். வரத்தில் சிறு ஏற்றத்தாழ்வு வந்தால் அது ஏற்றுக்கொள்ளும், வால்வை அடிக்கடி தொட வேண்டியதில்லை. இடமிருந்தால் மூன்று குழாயே மேல். எதுவானாலும் முதன்மைக் குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் 2, 3 செ.மீ. மட்டும் அமிழ்ந்திருக்கட்டும். ஆழமாக அமிழ்ந்தால் கரண்ட் திரும்பும்போது உள்ளே சிக்கிய காற்று வெளியேறாது, முழு ஓட்டம் பிடிக்காது, அவசரக் குழாய் மணிக்கணக்கில் களகளவென்று கத்திக்கொண்டிருக்கும்.

இனி குழாய்க் கடை. 'ஒரு இஞ்ச் பைப்' என்று கேட்டால் மூன்று வேறு சாமான்கள் கிடைக்கலாம். இஞ்ச் கணக்கில் வரும் யூபிவிசி ஷெட்யூல் 40 குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. விவசாயத்துக்கு விற்கும் பிவிசியில் அதன் ஜோடி 32 மி.மீ. சுடுதண்ணீருக்கான சிபிவிசி 28.6 மி.மீ. ஒன்றின் எல்போ மற்றதில் உட்காராது. உட்கார்வதுபோலத் தெரிந்தாலும் பசை பிடிக்காது. 33.4, 32 இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருப்பதுதான் வம்பு. எல்லாவற்றையும் ஒரே வகையில், முடிந்தால் ஒரே கம்பெனியில் வாங்குங்கள்.

உலோகம் எங்கேயும் தண்ணீரைத் தொடக் கூடாது. நம் ஊர்க் கடைகளில் திருகு உள்ள எல்போவும் டீயும் பலவற்றில் பித்தளை பதித்தே வரும்; பாத்ரூமுக்கு அது நல்லது. பித்தளையில் செம்பு இருக்கிறது, உப்புத் தண்ணீர் அதை மெல்ல அரிக்கும், இறாலும் நத்தையும் பவளமும் மிகக் குறைந்த செம்பையே தாங்காது. கேட் வால்வும் கடையில் பித்தளையில்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். முழுக்கப் பிவிசியில் செய்ததைத் தேடி வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் பிவிசி பால் வால்வு போடலாம்; நுணுக்கமாகத் திருப்ப வராது, பொறுமை வேண்டும்.

தொட்டியைச் சென்னைக் கொளத்தூரிலோ வேறெங்கோ ஒட்டக் கொடுக்கும்போதே அடிக் கண்ணாடி டஃபன் (சூடாக்கிக் கடினப்படுத்தியது) செய்ததா என்று கேளுங்கள். டஃபன் கண்ணாடியில் ஓட்டை போட்டால் மொத்தமும் நொறுங்கிவிடும். சாதாரணக் கண்ணாடிக்கு டைமண்ட் கோர் பிட், குறைந்த வேகம், கை எடைக்குமேல் அழுத்தாமை, வெட்டும் இடத்தில் எப்போதும் தண்ணீர். கண்ணாடி விளிம்புக்கும் ஓட்டைக்கும் நடுவே குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவு இடைவெளி வேண்டும். ஓட்டையில் மாட்டிக் குழாயை இணைக்கும் டேங்க் நிப்பிளைக் கையில் வாங்கி அளந்த பிறகே பிட் அளவைத் தீர்மானிக்க வேண்டும். ஒரே அளவு சொன்னாலும் கம்பெனிக்குக் கம்பெனி வெளிவிட்டம் மாறும். ரப்பர் வாஷர் தலைப்பக்கம், அதாவது தண்ணீர் இருக்கும் பக்கம். நட்டைக் கையால் இறுக்கி அதற்குமேல் கால் சுற்று. ஸ்பேனர் போட்டு முறுக்கினால் வாஷர் பிதுங்கி அங்கிருந்தே கசியும்.

பசை போடும் முன் எல்லாவற்றையும் வெறுமனே பொருத்தி, மார்க்கரால் இணைப்பின் மேல் கோடு போட்டு, பிறகு கழற்றுங்கள். இரண்டு பக்கமும் சால்வன்ட் தடவி, கால் சுற்றுத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். விட்டால் குழாய் தானாகவே வெளியே நழுவும். 24 மணி நேரம் காயட்டும். பம்ப்புக்கு மேலே ஒரு யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு), வடிகுழாய் வால்வுக்கு அருகே ஒரு யூனியன் கட்டாயம். இல்லாவிட்டால் பம்ப்பைக் கழுவ ஹேக்ஸா பிளேடு தேவைப்படும். பம்ப் வாயில் ஒரு சாண் சிலிக்கான் ட்யூப் போட்டால் அதிர்வு கண்ணாடிக்குப் போகாது.

சம்ப் வழியாக மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல 3 முதல் 5 மடங்கு ஓடினால் போதும். நம் கணக்கில் 1200 முதல் 1900 லிட்டர். பவளத்துக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தை உள்ளே வைக்கும் வேவ் மேக்கர் பார்த்துக்கொள்ளும். பம்ப் வரும் அட்டைப் பெட்டியில் மணிக்கு 4000 லிட்டர் என்று போட்டிருப்பது உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. ஒன்றரை மீட்டர் ஏற்றி இரண்டு மூன்று எல்போவும் திரும்பினால் பாதிகூட வராத பம்ப்புகள் உண்டு. பெட்டி எண்ணைவிட, கூடவே அச்சிட்டிருக்கும் உயரத்துக்கான வரைபடத்தைப் பாருங்கள்.

சம்ப்புக்குள் முதலில் 200 மைக்ரான் ஃபில்டர் சாக்ஸ். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; தவறினால் பிடித்த அழுக்கு அங்கேயே அழுகி நைட்ரேட்டாகும், தண்ணீரும் சாக்ஸின் மேலாக வழியும். அடுத்து ஸ்கிம்மர் அறை. கம்பெனி சொல்லும் ஆழத்தில், பெரும்பாலும் 18 முதல் 23 செ.மீ.க்குள், மட்டம் மாறாமல் நிற்க வேண்டும். அந்த மட்டத்தை நிறுத்துவது அடுத்துள்ள தடுப்புக் கண்ணாடியின் உயரம். ஆகவே ஸ்கிம்மரை முடிவு செய்யாமல் சம்ப் ஒட்டக் கொடுக்காதீர்கள். கரண்ட் திரும்பி வரும்போது சம்ப்பில் மட்டம் உயர்ந்தே இருக்கும். ஸ்கிம்மர் உடனே ஓடினால் கோப்பை பொங்கிச் சேர்த்த அழுக்கெல்லாம் திரும்பத் தண்ணீரில் விழும். பத்து நிமிடம் தாமதித்து ஆன் ஆகும் பிளக் இதற்குப் போதும்.

ஆவியாகும் தண்ணீரின் குறை ரிட்டர்ன் அறையில் மட்டுமே தெரியும். சென்னை வெயிலில் மேலே ஃபேன் ஓடினால் நாளைக்கு 5 லிட்டர் போகலாம். அந்த அறையில் அது 5 செ.மீ. ஒரு வாரம் ஊருக்குப் போனால் பம்ப் காற்றைக் குடிக்கும். தானாக நீர் நிரப்பும் ஏடிஓ அதற்குத்தான். அதன் வாளி 20 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் கெட்டு வாளி முழுக்கக் கொட்டினாலும் பாறை அடைக்கும் இடம் போகத் தொட்டியும் சம்ப்பும் சேர்ந்த ஏறக்குறைய 430 லிட்டரில் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 33.5 அளவுக்குத்தான் இறங்கும், உயிர்கள் தாங்கும். ட்யூபின் முனை தண்ணீரைத் தொடாமல் மேலே நிற்கட்டும். தொட்டால் மோட்டார் நின்ற பிறகும் ஏதோ ஒரு பக்கம் உறிஞ்சிக்கொண்டேயிருக்கும்.

நிரப்பும் தண்ணீருக்குச் சமையலறை ஆர்ஓ சரிப்படாது. பலவற்றில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்ற பெயரில் பச்சைத் தண்ணீரையே கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள், அல்லது தாதுக்களைச் சேர்க்கிறார்கள். செம்பு சேர்க்கும் மாடல்கூட விற்கிறது. ஆர்ஓவுக்குப் பின், மீதமுள்ள உப்புகளையும் பிடிக்கும் டிஐ ரெசின் போட்டு டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். மீட்டர் 1 காட்டத் தொடங்கும்போதே ரெசினை மாற்றிவிடுங்கள்.

ஃபேன் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊரில் அதுவும் சந்தேகம். 26 டிகிரி வேண்டுமென்றால் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர்தான். அதை ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவை மூடினால் தான் கக்கும் சூட்டைத் தானே குடிக்கும். குழாயை நீட்டி வெளியே வையுங்கள்.

முதலில் சாதாரணத் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பாருங்கள். பிறகு பம்ப்பை அணைத்து சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஓடும் மட்டத்தின் உச்சவரம்பை டேப் ஒட்டிக் குறியுங்கள். முதன்மை வடிகுழாய் வால்வை முழுக்க மூடி அவசரக் குழாய் தனியாகத் தாங்குகிறதா என்று சோதியுங்கள். வயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிய பிறகே மேலேற வேண்டும். தொட்டியின் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் கையை விடாதீர்கள். இன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை, ஒரு வேவ் மேக்கர் ஓடினாலே மேற்பரப்பு அசைந்து ஆக்சிஜன் கலக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் ஏசி பம்ப்புகள் உறுமிச் சூடாகும்.

உப்பு 430 லிட்டருக்கு ஏறக்குறைய 16 கிலோ பிடிக்கும். பாறைக்கு மன்னார் வளைகுடாப் பக்கம் கைநீட்டாதீர்கள். கடினப் பவளமும் கடல் விசிறியும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. 'லைவ் ராக்' என்று கடலிலிருந்து எடுத்து விற்பது பெரும்பாலும் அந்தப் பவளத்தின் எலும்புக்கூடே. செயற்கைப் பாறையும் பாக்டீரியா பாட்டிலும் போட்டு அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகும் வரை நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்கலாம். அந்த நாட்களில் புது ஸ்கிம்மர் ஒன்றும் இழுக்காது, அல்லது காரணமில்லாமல் பொங்கும். அச்சில் வார்த்தபோது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு போக ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை அதன் வால்வை முழுக்கத் திறந்து, உள்மட்டத்தைத் தாழ்த்தியே ஓட்டுங்கள்.