கொன்ட்ரோல் டி அமத்தினால் என்ன நடக்கும்?

கிளிநொச்சியில் ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. கலியாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் வரும். அதிகம் வருவது, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கொடுக்கும் கல்வெட்டு, அதாவது அவரின் நினைவுப் புத்தகம்தான். படத்தைத் துப்புரவாக்க ஃபோட்டோஷொப், அட்டைக்கு இல்லஸ்ட்ரேட்டர், பக்கம் கட்ட இன்டிசைன் என்று ஒரு கல்வெட்டுக்கே மூன்றுக்குள்ளும் போய்வர வேண்டும். பழைய வேலைகள் கோரல் ட்ரோவில் கிடக்கின்றன.

பரந்தனிலிருந்து ஒரு பிள்ளை வேலை பழக வருகிறாள். கெட்டிக்காரி. "அக்கா, அதே கீயைத்தானே அமத்தினனான், ஏன் இதில வேற என்னவோ நடக்குது?" என்று கேட்டாள். கொன்ட்ரோல் டி. இன்டிசைனில் அது படத்தைக் கொண்டுவந்து வைக்கும். ஃபோட்டோஷொப்பில் தெரிவு செய்ததை விடுவிக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் கடைசியாகச் செய்த நகர்த்தலைத் திரும்பச் செய்யும். கோரல் ட்ரோவில் பிரதி எடுக்கும். கோரல் வேறு கொம்பனி, அதை விடுவோம். மற்ற மூன்றும் ஒரே நிறுவனத்தினுடையவை.

காரணம் இல்லாமல் இல்லை. இல்லஸ்ட்ரேட்டர் 1987இல் வந்தது, ஃபோட்டோஷொப் 1990இல், இன்டிசைன் 1999இல். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் மென்பொருளில் படம் வைக்க இதே விசைதான், அந்தப் பழக்கம் அப்படியே இன்டிசைனுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொன்றும் தன் பழைய ஆட்களைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டது. புதிதாகப் பழகும் ஆளைப் பற்றித்தான் ஒருவரும் யோசிக்கவில்லை. ஃபோட்டோஷொப்பில் முன்பு கொன்ட்ரோல் இசட்டை இரண்டு தரம் அமத்தினால், முதல் தரம் இல்லாமலாக்கிய மாற்றம் திரும்ப வந்து நிற்கும். மற்றவை போலப் படிப்படியாகப் பின்னுக்குப் போகும்படி அதை மாற்றியது 2018 ஒக்டோபரில்தான்.

விசைகளையாவது பாடமாக்கலாம். எனக்கு உண்மையில் கோபம் வருவது தமிழில் கை வைக்கும்போது. எங்கள் பக்கத்து அச்சகங்களில் இன்னமும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. அதில் கொம்பை முதலில் தட்டி, பிறகு எழுத்தைத் தட்டுகிறோம், திரையிலும் அதே ஒழுங்கில் நிற்கிறது. ஆனால் கனடாவில் இருக்கும் மகன் தகப்பனைப் பற்றி எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோட்டில், அதாவது எழுத்தை முதலும் கொம்பைப் பிறகும் வைக்கும் பொது முறையில். அதை நாங்கள் பாவிக்கும் பழைய பதிப்பில் ஒட்டினால் 'கொ' உடைந்து, கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'அன்பு கொண்ட' என்ற இடத்தை ஒருவராலும் வாசிக்க முடியாது.

இதற்குத் தீர்வு மூன்று மென்பொருளிலும் உள்ளேயே இருக்கிறது, ஆனால் மூன்று இடத்தில். இன்டிசைனில் பந்திப் பலகையின் மூலையில் உள்ள சின்ன மெனுவுக்குள் 'வேர்ல்ட் ரெடி' கம்போசர் என்று, எழுத்துக்களைச் சரியாகக் கோக்கும் ஒரு தெரிவு கிடக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் பிரெஃபரன்ஸுக்குள் போய் இந்திய எழுத்துக்களுக்கான தெரிவுகளைக் காட்டச் சொல்ல வேண்டும். ஃபோட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் அதே பிரெஃபரன்ஸுக்குள் டெக்ஸ்ட் என்ஜினை மாற்ற வேண்டும். பெயரும் ஒன்றில்லை, இடமும் ஒன்றில்லை. யாராவது காட்டித் தராவிட்டால் அந்தப் பிள்ளை அதை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

எழுத்துரு இல்லாவிட்டால் இன்டிசைன் அந்த வரியை இளஞ்சிவப்பாக்கிக் காட்டும். நல்ல ஏற்பாடு. தமிழ் எழுத்து உடைந்து நிற்கும்போதும் அப்படி ஒரு நிறம் காட்டக்கூடாதா? கல்வெட்டு வீட்டில் வைத்திருக்கும் சாமான். பேரப்பிள்ளைகள் அதிலுள்ள வம்ச வரலாற்றைப் பார்த்துத்தான் உறவுமுறை படிக்கிறார்கள். ஒரு பெயர் உடைந்து அச்சானால் திருத்த இன்னொரு தரம் வராது.

சரி, இப்போதைக்கு நான் செய்வது இது. கல்வெட்டுக்கென்று ஒரு மாதிரிக் கோப்பு வைத்திருக்கிறேன். அதில் எல்லாப் பந்திப் பாணிகளிலும், ஜஸ்டிஃபிகேஷன் என்ற பகுதிக்குள், அந்தக் கம்போசரைத் தெரிவுசெய்து சேமித்திருக்கிறேன். புது வேலை எதுவானாலும் அதிலிருந்துதான் தொடக்கம். கோப்பு வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பிவிடுகிறேன்.