மூட்டுத் தேய்மானமும் ஒன்பது கிலோவும்

எனக்கு வயது 57, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே சொன்னபோது எடை 82 கிலோ. முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்று பாடம் எடுத்தவள். நின்று நின்றே மூட்டு போய்விட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எலும்பு மருத்துவர் வேறு மாதிரி சொன்னார். "கிரேடு 3, அதாவது தேய்மானத்தின் நாலு நிலையில் மூணாவது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். எட்டு கிலோ குறைச்சுட்டு வாங்க."

ஏன் எட்டு? உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால்தான் மூட்டுக்கு நன்றாகத் தெரியுமாம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று விளக்கினார். பாரம் மட்டும் பிரச்சினை இல்லை, கொழுப்புத் திசுவே அழற்சியைக் கிளப்பும் பொருள்களைச் சுரக்கிறது என்பதும் அன்றுதான் தெரியும். அமெரிக்காவில் 454 பேரை வைத்து நடத்தி 2013-ல் வெளியான ஆய்வு ஒன்றைப் பற்றி மகன் படித்துச் சொன்னான். உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்குப் பதினெட்டு மாதத்தில் வலி ஏறக்குறைய பாதியாகியிருந்தது.

"தினமும் நட, தானாக இளைக்கும்" என்று சொல்லாத ஆள் இல்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பாதி உண்மைதான். என் எடைக்கு அரைமணி நேரம் மெதுவாக நடந்தால் செலவாவது சுமார் 120 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே அவ்வளவு இருக்கிறது. எடை குறைவது அடுப்படியில்தான். நடையும் பயிற்சியும் மூட்டைக் காப்பாற்ற.

அதனால் எண்ணெயிலிருந்து ஆரம்பித்தோம். எண்ணெய்த் தூக்கை ஓரம் கட்டிவிட்டு, கரண்டியால் அளந்து ஊற்றுவது என்று ஆனது. மதியச் சாதம் பாதியானது, அந்த இடத்தில் கூட்டும் பொரியலும் கீரையும் ஏறின. இரவு இட்லி மூன்று, சாம்பார் தாராளமாக. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். காபியில் சர்க்கரையை விடுவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம், அதைப் பற்றிப் பேசவே எனக்கு இஷ்டமில்லை. பட்டினி மட்டும் கிடக்கக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும், மூட்டைத் தாங்குவதே தசைதான். பயறு, முட்டை, மோர் இதெல்லாம் தினமும் உண்டு.

அவர் கற்றுக்கொடுத்த பயிற்சிகளைப் பார்த்தபோது, இதற்கா பீஸ் கொடுத்தோம் என்று தோன்றியது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து ஐந்து எண்ணும் வரை அழுத்த வேண்டும். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மறு காலை நேராகத் தூக்க வேண்டும். சில வாரம் கழித்து, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னார். எல்லாம் தொடையின் முன்பக்கத் தசைக்கு. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் கூடுதலாக வலித்தால் அளவைக் குறை என்பது அவர் கணக்கு. வலிக்குப் பயந்து அசையாமல் இருந்தால் இன்னும் மோசமாகும் என்றார். மாடிப்படிக்கும் ஒரு முறை உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். எனக்கு வலது முழங்கால்தான் அதிகம் படுத்தும், அதனால் கைத்தடி இடது கையில். பார்ப்பவர்கள் எல்லோரும் அதைத் திருத்துவார்கள்.

வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். காய் நறுக்குவது மேசைக்கு வந்தது, அரிவாள்மணை பரணுக்குப் போனது. நாத்தனார் சொன்ன குளுக்கோசமைன் மாத்திரையை மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார், பலன் உறுதியாகவில்லையாம். வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல் என்பதால், தேவைப்படும்போது தடவ ஜெல் எழுதிக் கொடுத்தார்.

முதல் ஐந்து கிலோ ஓரளவு சுலபமாக இறங்கியது. அப்புறம் மாதக்கணக்கில் முள் அசையவில்லை. எடை குறையாத அந்த நாட்களிலும் படியேறுவது லேசாகிக்கொண்டே வந்ததால்தான் விடாமல் செய்தேன். உறவுக்காரர்கள் வேறு. ஒரு கல்யாணத்தில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி இப்படி ஆயிட்டே, சுகர் வந்துடுச்சா?" என்று கண் கலங்கினாள். இலையில் இரண்டாவது ஜாங்கிரியும் விழுந்தது.

ஒன்றரை வருடத்தில் 73-க்கு வந்தேன். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரவில்லை, வளராது என்று மருத்துவர் முன்பே சொல்லிவிட்டார். தரையில் சம்மணம் போட இன்னும் முடியாது, படி இறங்கும்போது கைப்பிடி வேண்டும். ஆனால் ராத்திரி வலியில் விழிப்பதில்லை, கடைத்தெருவுக்குப் போய் நின்று நிதானமாகக் காய் வாங்கி வருகிறேன். காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் பிடிப்பு இருக்கும், நடந்தால் விட்டுவிடும். இந்தப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ அது வேறு வகை வாதமாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு, உடனே காட்டிவிடுங்கள்.

அடுத்த இலக்கு 70. மார்கழியில் நான் நடக்கும் வழியில் மூன்று கோயிலில் நெய் சொட்டச் சொட்ட வெண்பொங்கல் கொடுக்கிறார்கள். அதற்குத்தான் இன்னும் ஒரு வழி தெரியவில்லை.