தோற்றத்துக்கும் மறைவுக்கும் நடுவில்

மும்பை தாராவியின் 90 அடி சாலையிலிருந்து பிரியும் ஒரு கல்லியில், பத்துக்கு எட்டு அடி கடை ஒன்றில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, சடங்கு பேனர், கோயில் கொடை நோட்டீஸ், பில் புக் என்று எல்லாம் வரும். ஆனாலும் 20 வருஷத்தில் என் கை அதிகமாகத் தட்டச்சு செய்தது எது என்றால், 'கண்ணீர் அஞ்சலி' என்ற இரண்டு சொற்கள்தான்.

மற்ற வேலைக்கு ஒரு வாரம், பத்து நாள் அவகாசம் கிடைக்கும். இதற்குக் கிடைக்காது. உயிர் பிரிந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டுப் பையன் ஒருவன் செல்போனோடு வந்து நிற்பான். சயான் ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வந்து சேர்வதற்குள் சால் என்கிற வரிசை வீட்டின் வாசலில் பேனர் கட்டியாக வேண்டும். அழுத கண்ணோடு நிற்கிறவனிடம் அதிகம் கேட்க முடியாது. ஆனால் செத்துப்போனார் என்பதை அந்த வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும். சில வீட்டுக்கு 'இறைவனடி சேர்ந்தார்'. கருப்புச் சட்டை போட்ட தாத்தாவுக்கு 'இயற்கை எய்தினார்'. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. பாய் வீடென்றால் 'வஃபாத்தானார்'. 1887-இல் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலும் 1913-இல் தமிழர்கள் கட்டிய பிள்ளையார் கோயிலும் இருக்கிற இடம் இது. நான்கு விதமாகவும் ஒரே வாரத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். அவசரத்தில் பழைய ஃபைலைத் திறந்து பெயரையும் படத்தையும் மாற்றினேன். கீழே இருந்த பேரப்பிள்ளைகள் பெயரை மாற்றாமல் விட்டுவிட்டேன். பேனர் கட்டிய பிறகுதான் அந்த வீட்டு அம்மா பார்த்தார். கத்தவில்லை. "எங்க வீட்ல பேரப்பிள்ளையே இல்லம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இந்த வேலைக்குப் பழைய ஃபைலைத் திறப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் வெற்றுப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதே, அன்றைக்குக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். கம்ப்யூட்டர் போனது, அதற்குள் இருந்த படங்களும் பெயர்களும் போயின. கடைக்காரர் மெஷின் போனதை நினைத்துக் கவலைப்பட்டார். எனக்கு அந்த முகங்கள் போனதுதான் தாங்கவில்லை. அதன் பிறகு பேனர் அடிக்கிற ஒவ்வொருவருக்கும் நோட்டில் நாலு வரி எழுதிவைக்கிறேன். தோற்றம், மறைவு என்ற இரண்டு தேதிகளுக்கு நடுவில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் எழுதுகிறேன். 2020-இல் ஊரடங்கின்போது பல பக்கங்கள் காலி. யாரும் பேனர் அடிக்க வரவில்லை. மறு வருஷம் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்தபோது கேட்டுக் கேட்டு நிரப்பினேன்.

எங்கள் சாலில் நாற்பது வீடு. முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தோல் ஷாப் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரன்மார். போன ஒரு வருஷத்தில் மட்டும் நாலு பேரை இழந்தோம்.

முதலில் போனவர் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்த சார். இந்த ஊர் மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. எனக்கு 'ழ' சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவர் பேனரை மூன்று தடவை பிழை பார்த்தேன்.

அடுத்தது இட்லி அண்ணாச்சி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, விடியும்போது சைக்கிளின் பின்னால் பெரிய அலுமினியப் பானையைக் கட்டிக்கொண்டு மாகிம் பக்கம் கிளம்புவார். கைப்பிடியில் கருப்பு ரப்பர் ஹாரன். முப்பது வருஷம் அதே ரூட். அவர் மகன் ஐடி கம்பெனியில் இருக்கிறான். போனில் ஒரே ஒரு நல்ல படம் வைத்திருந்தான். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார்.

"அக்கா, சைக்கிளை எடுத்துட்டு ஒரு கோட் போட்ருங்க" என்றான்.

போட்டுக் கொடுப்பது சுலபம். கழுத்துக்குக் கீழே ஒட்ட கோட்டு, டை, பட்டுச் சட்டை என்று கடையில் நூறு வைத்திருக்கிறோம். போட்டும் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் திரையைப் பார்த்தான். "அப்பா மாதிரி இல்லையேக்கா" என்றான். "உங்கப்பா கோட்டு போட்டு ஒரு நாளாவது பார்த்திருக்கியா தம்பி?" என்று கேட்டேன். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சைக்கிளைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஹாரன் தெரிகிற அளவுக்கு வெட்டி வைத்தேன். அவன் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் போட, அது எப்படியோ மாகிம்வரை போயிருக்கிறது. பதினாறாம் நாள் ஒரு மராத்தி ஆஜி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சாலுக்கு வந்தார். பேனரில் ஒரு எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது. ஹாரனைத் தொட்டு, "ஹாச் அண்ணா" என்றார். இவர்தான் அந்த அண்ணன் என்று.

மூன்றாவது, முறுக்குப் பெரியம்மா. தீபாவளிக்கு ஒரு மாசம் முன்பே கல்லியில் துணி விரித்து உட்கார்ந்துவிடுவார். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாவைத் திருகும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அவர் போன அன்றுதான் எங்கள் யாருக்கும் அவர் பெயர் சரியாகத் தெரியாது என்பது தெரிந்தது. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு எழுத்து, ஓட்டர் கார்டில் இன்னொன்று. மகனும் விழித்தார். "அம்மான்னுதான் கூப்பிட்டேன்."

காகிதம் இங்கே சின்ன விஷயமில்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்தோம் என்று காட்டினால்தான் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இங்கேயே வீடு என்கிறார்கள். அதனால் போனவர்களின் மக்கிய ரேஷன் கார்டையெல்லாம் தூக்கிக்கொண்டு ஸ்கேன் எடுக்க வருகிறார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை என்று நானே பலருக்கு நினைவுபடுத்துவேன். சரி, சான்றிதழில் ஆதாரில் உள்ளபடி வரட்டும். பேனரில் என்ன போடுவது? மருமகள் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு பித்தளைத் தூக்குவாளியை எடுத்துவந்தார். பெரியம்மாவின் கல்யாணத்துக்கு அவர் அப்பா ஊரில் வாங்கிக் கொடுத்தது. கழுத்தோரம் புள்ளி புள்ளியாக முழுப் பெயரும் வெட்டியிருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மங்கிப் போயிருந்தாலும் விரலால் தடவினால் எழுத்து தெரிந்தது. அந்தப் பெயரைத்தான் பேனரில் பெரிதாகப் போட்டேன். குடும்பத்தைக் கேட்காததால் இங்கே எழுதவில்லை. பொதுவாகப் பெண்கள் பேனரில் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்றுதான் வருவார்கள். இது எனக்குப் பிடிப்பதே இல்லை. இப்போதெல்லாம் பெயரையும் அவர்கள் செய்த வேலையையும் முதலில் போடுகிறேன். யாரும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை.

கடைசியாகப் போன மாசம் தையல் மாமா. தோல் பை தைக்கிற பட்டறையிலேயே வேலை, மாடியிலேயே படுக்கை. கல்யாணம் ஆகவில்லை, ஊரில் யாரும் இருப்பதாகவும் தெரியவில்லை. சால்காரர்களே வீட்டுக்கு ஐம்பதும் நூறுமாகப் போட்டு, சயான் சுடுகாட்டில் காரியத்தை முடித்தார்கள். பேனருக்கும் காசு கொண்டுவந்தார்கள். படம் கிடைக்கவில்லை. தேடித் தேடி, யாரோ வீட்டுப் பிறந்தநாள் கூட்டத்தில் ஓரமாக நின்ற ஒரு படம் கிடைத்தது. முன்னால் இருந்த பலூன் பாதி முகத்தை மறைத்திருந்தது. அந்தப் பாதியை என்னால் கற்பனையாக வரைய முடியவில்லை. படத்துக்குப் பதில் குத்துவிளக்கு வைத்தேன்.

கீழே 'இவண், கண்ணீருடன்' என்று அடித்துவிட்டு நிறுத்தினேன். வழக்கமாக அந்த இடத்தில் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள் வரும். "யார் பேரைப் போட?" என்று கேட்டேன். கடைக்குள்ளேயும் வாசலிலும் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஸ்கூல் பையோடு நின்ற ஒரு பொடியன், "என் பேரைப் போடுங்கக்கா, மாமாதான் இந்த ஜிப்பை மூணு வாட்டி மாத்திக் குடுத்தாரு" என்றான். போட்டேன். அடுத்து அவன் அம்மா சொன்னார். பிறகு பட்டறைக்காரர், பால் ஊற்றுகிற பையன், இட்லி அண்ணாச்சியின் மகன். வாசலில் வரிசை நின்றது. இருபத்தாறு பெயர் வந்தது. இடம் போதாமல் எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினேன். விளக்கையும் மேலே தள்ளி வைத்தேன்.