கிரீஸுக்குக் கொடுத்த பணம் எங்கே போனது?

2010 மே மாதம், கடனைக் கட்ட முடியாமல் தவித்த கிரீஸைக் காப்பாற்ற 110 பில்லியன் யூரோ அறிவித்ததும் ஜெர்மனியில் எழுந்த கேள்வி, "எங்கள் வரிப்பணத்தை ஏன் அங்கே கொட்ட வேண்டும்?" என்பதுதான். கேள்வி நியாயம். ஆனால் கோபம் முழுக்க கிரேக்கர்கள் மீதே திரும்பியதில்தான் கோளாறு.

முதலில், அது இனாம் இல்லை, கடன். அதில் 80 பில்லியன், யூரோ நாணயம் பயன்படுத்தும் நாடுகளுடையது; 30 பில்லியன், சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்புடையது. நாடுகள் கேட்ட வட்டி, யூரிபோருக்கு (ஐரோப்பிய வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டி) மேல் 3 சதவீதம், மூன்று ஆண்டு கழித்து 4. மூழ்குகிறவனிடம் இந்த வட்டி கேட்டது அபத்தம். பிறகு அந்தக் கூடுதல் வட்டியை அவர்களே அரை சதவீதம் வரை இறக்க வேண்டியதாயிற்று. அடுத்து வந்த இஎஃப்எஸ்எஃப் என்ற யூரோ நாடுகளின் மீட்பு நிதியத்தில் நாடுகள் ரொக்கம்கூட எடுத்து வைக்கவில்லை. உத்தரவாதம் மட்டும் கொடுத்தன. அதைக் காட்டி அந்த நிதியம் சந்தையில் பத்திரம் விற்றுப் பணம் திரட்டியது. ஜாமீன் கையெழுத்து மாதிரிதான்: வாங்கியவர் கட்டி முடிக்கும்வரை போட்டவர் வயிற்றில் நெருப்பு. ஆக, வரி கட்டுகிறவர்களின் பயம் பொய்யில்லை.

சரி, பணம் யாருக்குப் போனது? பெர்லினில் உள்ள இஎஸ்எம்டி மேலாண்மைக் கல்லூரி 2016இல் கணக்குப் போட்டது. கிரீஸுக்கான முதல் இரண்டு மீட்புக் கடன் திட்டங்களில் வந்த 215.9 பில்லியன் யூரோவில் கிரேக்க அரசின் செலவுக்குக் கிடைத்தது 9.7 பில்லியன், அதாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் பழைய கடன், வட்டி, வங்கிகளுக்கு மூலதனம் என்று போய்விட்டது. தனியார் முதலீட்டாளர்கள் கையிலிருந்த கிரேக்க அரசுக் கடன் பத்திரங்களின் மதிப்பில் 53.5 சதவீதம் வெட்டியது 2012 மார்ச்சில்தான். அதற்குள் முதிர்ந்த பத்திரங்களுக்கு முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன் வங்கிகளுக்கு வெளியேற அவகாசமும் கிடைத்தது. 2010லேயே வெட்டியிருந்தால் அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை அந்த வங்கிகளும் தாங்கியிருக்கும்.

கோபம் ஓட்டாக மாறிய இடங்களும் உண்டு. பின்லாந்தில் 2011 தேர்தலில் மீட்பு நிதியை எதிர்த்த 'உண்மை ஃபின்கள்' கட்சி 19 சதவீதம் வாங்கியது. புதிய அரசு கிரீஸிடம் பிணை கேட்டு வாங்கியே விட்டது. ஸ்லோவாகியா இன்னும் விசித்திரம். கிரீஸைவிட ஏழையான நாங்கள் ஏன் தர வேண்டும் என்று 2010 கடனில் சேரவே மறுத்த நாடு அது. 2011 அக்டோபர் 11 அன்று இஎஃப்எஸ்எஃப் விரிவாக்கத்தை நம்பிக்கை வாக்கெடுப்போடு முடிச்சுப் போட்டார் பிரதமர் இவெட்டா ராடிச்சோவா. கூட்டணிக் கட்சியே கைவிட்டதால் அரசு கவிழ்ந்தது. இரண்டே நாளில், முன்கூட்டியே தேர்தல் என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டு எதிர்க்கட்சி ஆதரிக்க, அதே தீர்மானம் நிறைவேறியது.